மருந்துக் கடைக் களிம்பும் நம் குழந்தைகளின் சருமமும்

உத்தியோகத்தின் பொருட்டோ பிழைப்பைத் தேடியோ தமிழகத்திலிருந்து டில்லிக்கு வந்து குடியேறும் குடும்பங்களில், ஊர் மாறியதை முதன் முதலில் உணர்வது குழந்தையின் சருமமே என்று சொல்லலாம். மொழியும் சாப்பாடும் பழகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆனால் தீபாவளி கழிந்து வாடைக் காற்று வீசத் தொடங்கிய சில நாட்களுக்குள்ளாகவே குழந்தையின் கன்னங்கள் வறண்டு, சொரசொரத்து, வெடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருப்பார்கள். "இது வேர்க்குரு, இது கரப்பான், இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தானே போய்விடும்" என்று தைரியம் சொல்வார்கள். இங்கே அந்த ஸ்தானத்தை வகிப்பது தெருமுனை மருந்துக் கடை.

பல கடைகளில் குழந்தையைக் காட்டவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. வாயால் சொன்னாலே போதும். "தாத், காஜ், குஜ்லி" என்று ஒரே மூச்சில் மூன்று நோய்களின் பெயரைச் சொல்லி, கடைக்காரர் ஒரு சிறு குழாய்க் களிம்பை எடுத்து மேஜைமீது வைத்துவிடுகிறார். 'தாத்' என்பது நமது படர்தாமரை. 'காஜ்' என்பது சொறி. 'குஜ்லி' என்றால் வெறும் அரிப்பு. அது நோயே அன்று, நூறு நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. இம்மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. எனினும் அந்த ஒரே களிம்பைத் தடவினால் இரண்டு நாட்களில் அரிப்பு அடங்கிவிடுகிறது, சிவப்பும் மறைகிறது. அந்த இரண்டு நாள் நிம்மதிக்குக் குழந்தை கொடுக்க நேரும் விலையைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம்.

அதற்கு முன்னால், களிம்பே வேண்டாத கோளாறுகளைப் பார்த்துவிடுவது நல்லது. டில்லிப் பருவங்களை ஒட்டி வருபவற்றுள் பல அந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

மே மாதத்தில் இங்கே வெயில் 45 பாகையையும் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போதுதான் வேர்க்குரு அதிகம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், அனல் காற்று வீசும் அந்த வறண்ட நாட்களில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுகிறது. ஜூன் கடைசியில் மழை இறங்கி, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றில் ஈரம் கனத்து நிற்கும்போதுதான் வியர்வைத் துவாரங்கள் அடைபட்டு வேர்க்குரு பொரிந்து தள்ளுகிறது. இங்குள்ளவர்கள் இதைக் 'கமௌரி' என்பார்கள். நீர் தெளிக்கும் கூலர் மே மாதத்தில் வரப்பிரசாதம். ஜூலையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு அதையே ஓட்டினால் அறையின் புழுக்கம் பெருகி, குழந்தையின் முதுகு சிவந்துவிடும். மின்விசிறியும், தளர்ந்த பருத்திச் சட்டையும், ஒரு நாளைக்கு இரண்டு முறை சோப்பில்லாத குளியலும் போதும். பவுடரை வாரிக் கொட்டுவதால் துவாரங்கள் மேலும் அடைபடுவதோடு, அந்தத் தூள் கைக்குழந்தையின் சுவாசப் பையிலும் சேருகிறது. ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும்: ஜனவரிக் குளிரில் மூன்று கம்பளி உடைகளைப் போட்டுச் சுற்றி வைத்த கைக்குழந்தைக்கும் இதே வேர்க்குரு வருவதுண்டு. அது குளிரால் வந்ததன்று. அன்பு மிகுதியால் வந்தது.

வேனற்கட்டிக்கு மாம்பழத்தைக் குறை கூறுவது ஊரிலும் உண்டு, இங்கும் உண்டு. மாம்பழம் நிரபராதி. வியர்வையில் ஊறிச் சொறிந்து புண்ணான தோலில் சீழ்க்கிருமிகள் புகுவதே காரணம். மூக்கையும் வாயையும் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் புண்ணும் அத்தகையதே. அது ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு விரைவில் தொற்றும். ஆகையால், ஒன்றிரண்டு பொருக்குகளாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டிவிடவேண்டும்.

குளிர்காலத்துக் கதை வேறு. நம் தாய்மார்கள் ஊரில் செய்ததையே இங்கும் செய்கிறார்கள்: முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு பயற்றம் மாவோ கடலை மாவோ போட்டு, வெந்நீரில் அந்த எண்ணெய் முழுவதும் போகக் குளிப்பாட்டுகிறார்கள். கடற்காற்றில் ஈரம் நிறைந்த சென்னைக்கு இது பொருந்தும். டில்லியின் டிசம்பரில் இவ்வாறு செய்தால், தோலின் இயற்கையான எண்ணெயும் மாவோடு போய்விடுகிறது. வரிசையை மாற்றிக்கொள்வது ஒன்றே பரிகாரம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிஷத்திற்கு மேற்படாமல் குளிப்பாட்டி, துணியால் ஒற்றி, உடம்பில் ஈரம் மிச்சமிருக்கும்போதே எண்ணெயைத் தடவிவிடவேண்டும். எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. அண்டை வீட்டார் கடுகெண்ணெயைச் சிபாரிசு செய்வார்கள். 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் தோலில் கடுகெண்ணெய் தடவியபோது தோலின் காப்பு அரண் சீர்ப்படுவது தாமதமாயிற்று என்றும், சூரியகாந்தி எண்ணெய் அதை விரைவுபடுத்திற்று என்றும் கண்டார்கள். நமது தேங்காயெண்ணெய்க்கும் சாட்சி உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் கொண்ட 117 குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தூய தேங்காயெண்ணெய் தாது எண்ணெயைவிட நல்ல பலனளித்ததாகத் தெரிகிறது. சுமார் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடுவதுதான் இங்கே சங்கடம். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்தால் தீர்ந்தது. கம்பளிச் சட்டைக்கு உள்ளே ஒரு பருத்திச் சட்டை அவசியம். கம்பளி நேராக மேலே பட்டால் வறண்ட தோல் அரிக்கும்.

கரப்பான் என்று நாம் சொல்லும் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறந்த சில மாதங்களில் கன்னத்தில் தொடங்கி, வளர வளர முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வந்து தங்கும் இந்த அரிப்பு நோய், ஆஸ்துமாவும் தும்மலும் உள்ள குடும்பங்களில் அதிகம். கத்தரிக்காயையும் கருவாட்டையும் தாய் தின்றதனால் வந்தது என்று பிள்ளைபெற்றவளைப் பட்டினி போடுவது நம்மிடையே இன்னும் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பத்தியத்தால் பயனில்லை. டில்லியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதனால்தான் கரப்பான் என்று சொல்லி நீரை மென்மையாக்கும் இயந்திரங்களை விற்க வருவோரும் உண்டு. கடின நீருக்கும் கரப்பானுக்கும் தொடர்பு இருப்பதாக இங்கிலாந்தில் சில ஆய்வுகள் கூறியது மெய்யே. ஆனால் 336 குழந்தைகளின் வீடுகளில் அத்தகைய இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்து 2011-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஏற்கெனவே வந்த நோய் அதனால் கூடுதலாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பணத்திற்கு எத்தனையோ புட்டி எண்ணெய் வாங்கலாம்.

இனி அந்தக் குழாய்க் களிம்புக்கு வருவோம்.

அதில் வழக்கமாக மூன்று சரக்குகள் கலந்திருக்கும். ஒன்று பூஞ்சணத்தைக் கொல்வது; ஒன்று சீழ்க்கிருமியைக் கொல்வது; மூன்றாவது ஸ்டீராய்டு. சருமத்தின்மீது பூசும் ஸ்டீராய்டு மருந்து 1952-இல் வைத்திய உலகத்துக்கு வந்தது. அது வந்த பிறகே கரப்பான் போன்ற நோய்களுக்கு ஒழுங்கான சிகிச்சை பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே அஞ்சி, டாக்டர் எழுதிக் கொடுத்த மெல்லிய மருந்தைக்கூடத் தடவாமல் குழந்தையை இரவெல்லாம் சொறிய விடுவதும் தவறுதான். குற்றம் மருந்திடம் இல்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்ற கணக்கில்லாமல் அது கைமாறுவதுதான் குற்றம். கடைக் களிம்புகள் பலவற்றிலும் இருக்கும் குளோபெட்டசால் என்பது இவ்வகையில் மிகவும் உக்கிரமான மருந்து. பெரியவர்களுக்கே டாக்டர்கள் வார அளவில் கணக்கிட்டுத் தருவதை, குழந்தையின் மெல்லிய தோலில் மாதக்கணக்கில் பூசுகிறோம்.

படர்தாமரையின்மீது அதைப் பூசினால் என்ன நடக்கிறது? சிவப்பும் அரிப்பும் பூஞ்சணத்தை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. காவலாளி உறங்கிவிட்டால் கள்வனுக்குக் கொண்டாட்டம் என்பதுபோல், பூஞ்சணம் சந்தடியில்லாமல் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக அரிப்பு எழுகிறது; மறுபடியும் அதே களிம்பு. நாளடைவில் படர்தாமரைக்கே உரிய வளைய வடிவமும் மறைந்து, அனுபவசாலியான டாக்டரே மயங்கும்படி உருமாறிவிடுகிறது. இப்படி அடையாளம் மறைந்த படர்தாமரையை 1968-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் இருவர் விவரித்து, அதற்குத் தனிப்பெயரும் இட்டார்கள். அன்று அபூர்வமாக இருந்தது இன்று இந்தியாவின் தோல் மருத்துவமனைகளில் நித்தியக் காட்சியாகிவிட்டது.

அதைவிடக் கவலை தரும் சேதியும் உண்டு. சாதாரணப் பூஞ்சண மருந்துகளுள் மிகவும் நம்பகமானதாக இருந்த டெர்பினாஃபின் என்ற மருந்துக்கே பல இடங்களில் அசையாத ஒரு படர்தாமரை, சென்ற பத்து, பதினைந்து ஆண்டுகளில் நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனி இனமாகப் பிரித்து 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டனர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்படுவதற்கில்லை. 2023-இல் நியூயார்க் நகரிலும் இருவரிடம் இது கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனைக்கும் கலவைக் களிம்பு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அரைகுறைச் சிகிச்சையும் ஸ்டீராய்டும் கூடி இதற்கு வழிவகுத்தன என்பதே தோல் மருத்துவர்களின் பொதுவான கருத்து.

கைக்குழந்தைகளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. இடுப்புத் துணியோ 'டயப்பரோ' படுமிடத்தில் சிவந்து புண்ணாகும்போது பல வீடுகளில் இதே களிம்பைத் தடவுகிறார்கள். மூடிக் கட்டிய ஈரமான தோல், மருந்தைப் பன்மடங்கு உறிஞ்சும். அவ்வாறு வாரக்கணக்கில் தடவப்பட்ட சிசுக்களின் முகம் உப்பி, உடல் பருத்து, வளர்ச்சி தடைப்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தோலில் பூசிய மருந்து இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளைத் தூங்கச் செய்துவிடுவதே காரணம். பல நாள் தடவியதைத் திடீரென்று நிறுத்துவதும் அத்தகைய குழந்தைக்கு அபாயம். டாக்டரின் யோசனைப்படியே நிறுத்தவேண்டும். டயப்பர்ப் புண்ணுக்கு வேண்டியது, அடிக்கடி மாற்றுவதும், சற்று நேரம் காற்றாட விடுவதும், துத்தநாகக் களிம்பும்தான். ஒரு வாரத்தில் ஆறாமல், மடிப்புக்குள்ளும் சிவப்பு இறங்கினால் அது பூஞ்சணமாக இருக்கலாம். டாக்டர் பார்க்கட்டும்.

வளர்ந்த பெண்குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு இன்னொன்று. நிறம் வெளுக்கும் என்று சொல்லித் தோழிகள் கைமாற்றிக்கொள்ளும் முகக் களிம்புகள் சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டு மறைந்திருக்கிறது. இந்தியாவின் 12 மையங்களில் முகக் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான அறிக்கையில், 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசியவர்கள் என்று தெரிந்தது. முகம் மெலிந்து, சிவந்து, பருக்களும் மயிரும் முளைத்த பின்னரே அவர்களிற் பலர் வந்தனர். கறுப்பு நிறத்தை நோயாகக் கருதும் மனப்பான்மை நம் சமூகத்தைவிட்டு எப்போது போகுமோ தெரியவில்லை.

சட்டம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு பூசு ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. அவற்றுள் இத்தகைய களிம்புகளும் இருந்தன. ஆனால் சீட்டுக் கேட்காத கடைகள் இருக்கும்வரை, வாங்குகிற நாம்தான் குழாயைத் திருப்பிப் படிக்கவேண்டும். பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளோசினோலோன் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு. சிவப்புக் கோடு போட்ட உறையும் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் குழந்தைக்குப் படர்தாமரை வந்தால் என்ன செய்வது? பூஞ்சண மருந்து மட்டும் அடங்கிய களிம்பை, வளையத்திற்கு வெளியேயும் இரண்டு விரற்கடை அளவு சேர்த்து, மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தடவவேண்டும். பரவலாக இருந்தால் உள்ளுக்கும் மருந்து வேண்டியிருக்கும். அதைக் குழந்தையின் எடைக்கேற்ப டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்றுவது தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோதான். பெரியவர்கள் கூச்சத்தால் தம் இடுப்பிலுள்ளதை மறைத்துக்கொண்டு, குழந்தைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை. துண்டுகளைத் தனித்தனியே வைத்து, துணிகளை வெயிலில் உலர்த்தவேண்டும். அரைஞாண் கயிறு விஷயத்தைச் சொன்னால் சில பெரியவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். மழைக்காலத்தில் அந்தக் கயிறு ஈரம் காயாமல் இடுப்போடு ஒட்டிக் கிடக்கிறது. நோய் தீரும்வரை அதைக் கழற்றி வைப்பதே உசிதம். பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு அறவே உதவாது. வட்டமாக மயிர் உதிர்ந்தால் 'புழுவெட்டு' என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பது நம் வழக்கம். புழுவெட்டில் வழுக்கை வழவழவென்று இருக்கும்; பூஞ்சணமானால் செதிள் உதிரும், மயிர் குட்டையாக ஒடிந்திருக்கும், சிலருக்குச் சீழ்க்கட்டிபோல் வீங்கவும் செய்யும். அந்த வீக்கத்தைக் கத்தியால் கீறக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் உள்ளுக்கு மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும். தாமதித்தால் அந்த இடத்தில் மயிர் முளைக்காமலே போகலாம்.

சொறியின் காரணத்தை மனிதன் கண்டுபிடித்து வெகு காலமாயிற்று. 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலியர் இருவர், கண்ணுக்கு அரிதில் தெரியும் ஒரு சிற்றுண்ணியே அதற்குக் காரணம் என்று எழுதிவைத்தார்கள். எனினும் 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்க்கும் நிலைதான் இருந்தது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள் ஆகிய இடங்களிலும், சிசுக்களானால் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் பொரிபொரியாக எழும். இரவில் அரிப்புத் தாங்காது. வீட்டில் இரண்டு பேர் சொறிந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கேயும் ஸ்டீராய்டு அரிப்பை மறைத்து, உண்ணியைப் பெருக விடுகிறது. வேண்டிய மருந்து, 5 சதவிகிதப் பெர்மெத்ரின். இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு இதை உபயோகிக்கலாம். அரிக்கும் இடத்தில் மட்டுமன்றிக் கழுத்திலிருந்து பாதம்வரை, சிறு குழந்தையானால் தலையிலும் சேர்த்து, இரவில் பூசிக் காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை. முக்கியமான விஷயம், வீட்டிலுள்ள யாவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ளவேண்டும் என்பது. அரிப்பு இல்லாதவரும்கூட! புதிதாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தோன்ற நாலைந்து வாரம் ஆகும் என்பதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரே மறுபடியும் நோயைக் கொண்டுவருகிறார். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும். அதற்காக மீண்டும் மீண்டும் மருந்தைப் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு: 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் 814 பேருக்கு அவ்வாறு பூசி, நூற்றுக்கு 97 பேருக்குக் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். அது ஆரம்ப நிலை ஆய்வு. பெர்மெத்ரின் சுலபமாகக் கிடைக்கும் டில்லியில் அதை விட்டுவிட்டு இதை நாடவேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நெருங்கி வாழ்வதால் வரும் நோய் இது. அழுக்கினால் வருவதென்று எண்ணி யாரையும் ஒதுக்கலாகாது. ஜங்புராவில் இருந்த மதராஸி காம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். இருந்த இடம் போய் உறவினரின் ஒற்றை அறையில் எட்டுப் பேராக ஒண்டவேண்டி வந்தால், எவ்வளவு சுத்தமான குடும்பத்திலும் சொறி புகுந்துவிடும். வீட்டு வேலைக்கு வருபவரின் குழந்தைக்குச் சொறி என்று தெரிந்தால் அவரை நிறுத்திவிடுவதைவிட, அந்தக் குடும்பம் முழுமைக்கும் மருந்து வாங்கிக் கொடுப்பது நமக்கே நல்லது. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து, சில வாரங்கள் கழித்துக் குழந்தையின் முகம் வீங்கி, சிறுநீர் தேயிலை நிறத்தில் போனால் அது சிறுநீரகக் கோளாறின் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பிள்ளைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய தேமலைக் கண்டு பெற்றோர் படும் கவலைக்கு அளவில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பார்கள். வயிற்றில் பூச்சி என்பார்கள். மூன்று வயதிலிருந்து பதின்மப் பருவம்வரை சாதாரணமாகக் காணப்படும் இந்தத் தேமல், வறண்ட தோலில் வருவது. எண்ணெய்ப் பசை கொடுத்து வந்தால் சில மாதங்களில் தானே நிறம் கூடும். பால்போல் வெளுத்து, ஓரம் தெளிவாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். அது தொற்றுவதன்று, அதைக் குஷ்டம் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வதை நாம் இனியேனும் விட்டுவிட வேண்டும். உண்மையான தொழுநோயின் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும். குழந்தையைக் கண்மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தாலே சந்தேகம் பிறக்கும் இடம் தெரியும். அதற்கும் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகப் பூரண சிகிச்சை இருக்கிறது. தொடக்கத்திலேயே சென்றால் ஊனம் எதுவும் மிஞ்சாது.

இந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு தோல் நோயும் உண்டு என்பதைச் சிலர் அறிந்திருக்கமாட்டார்கள். முன்னாளில் ஆங்கிலேயர்கள் 'டில்லிக் கட்டி' என்று அழைத்த ஆறாத புண் அது. 1885-இல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் அந்தப் புண்ணின் சதையில் நுண்ணுயிர்களைக் கண்டு விவரித்தார். மணல் ஈ கடிப்பதால் வருவது என்பது பின்னால் தெரிந்தது. இன்று அது இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தானத்தின் பிக்கானேர்ப் பக்கத்தில்தான் காணப்படுகிறது. அந்தப் பக்கம் விடுமுறைக்குச் சென்று வந்த குழந்தைக்கு வலியில்லாத புண் ஒன்று மாதக்கணக்கில் ஆறாதிருந்தால், சென்று வந்ததை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

உடனே கவனிக்கவேண்டிய அடையாளங்கள் சில உண்டு. காய்ச்சலோடு எழுந்த செம்புள்ளிகள்மீது கண்ணாடித் தம்ளரை அழுத்தியும் நிறம் மங்காமலிருத்தல், உதடும் முகமும் வீங்கி மூச்சு இரைத்தல், தோல் சுட்டதுபோல் உரிதல், பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு நீர்க்கொப்புளம் தோன்றுதல் இவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கலாகாது. அம்மை வார்த்த குழந்தையைக் குளிப்பாட்டாமலே வைத்திருக்கவேண்டியதில்லை. வேப்பிலை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கக் கூடாது.

கன்னாட் பிளேஸ் அருகே கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை 1956 முதல் நடந்து வருகிறது. சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, எய்ம்ஸ் ஆகியவற்றிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உண்டு. வெளிநோயாளர் சீட்டுக்குக் காலையில் நேரத்தோடு போய்விடுவது நல்லது, கூட்டம் அதிகம். இந்தி சரளமாக வராத சகோதரிகள், நோய் எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்ற இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதுவித்து எடுத்துச் செல்லலாம். அதோடு, குழந்தைக்கு இதுவரை தடவிய களிம்புக் குழாய் எதுவானாலும், தீர்ந்துபோயிருந்தாலும் சரி, பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.